மலையில் பாட்டு கேட்க எந்த ஆப்? பழனி மலைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

எந்தப் பாட்டு ஆப் நல்லது என்று யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, உங்கள் வீட்டில் எந்த சிம்முக்கு டவர் நிற்கிறது என்பதைத்தான். சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே தேவைப்படாது. அவர்கள் எழுதும் ஒப்பீடுகளைப் படித்தால் ஒலித்தரம், எத்தனை கோடிப் பாட்டு, பரிந்துரை எவ்வளவு புத்திசாலித்தனமாக வருகிறது என்று பக்கம் பக்கமாக இருக்கும், அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் பெருமாள்மலை, பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் என்று பழனி மலை முழுக்கச் சிதறிக் கிடக்கிற நமக்கு வரிசை வேறு. டவர் போன பிறகும் பாடுகிறதா என்பது முதலில், நமக்கு வேண்டிய பாட்டு இருக்கிறதா என்பது அடுத்தது, மற்றதெல்லாம் அப்புறம்.

இதுவரை யூடியூபில் மட்டும் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தவர்கள், செல்போன் கடையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக்கொண்டு வந்தவர்கள், இப்போதுதான் ஒரு ஆப் போடலாமா என்று யோசிப்பவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஏற்கெனவே காசு கட்டிக் கேட்பவர்கள் டவுன்லோட் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

டவரும் டேட்டாவும்

பாட்டு ஆப் போட்டால் டேட்டா எல்லாம் தீர்ந்துவிடும் என்ற பயம் நிறைய பேருக்கு இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பயம் தேவையில்லை. பாட்டின் தரத்தைக் கேபிபிஎஸ் என்ற அளவில் சொல்வார்கள். 96 கேபிபிஎஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 43 எம்பி, 160 என்றால் 72 எம்பி, 320 என்றால் 144 எம்பி. தினம் 1.5 ஜிபி வருகிற ரீசார்ஜில் 160 தரத்தில் கேட்டால் இருபது மணி நேரத்துக்குத் தாங்கும். அவ்வளவு நேரம் யாரும் பாட்டு கேட்பதில்லை. டேட்டாவைத் தின்பது வீடியோதான். யூடியூபில் பாட்டைப் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துக் கேட்கிறீர்களே, அப்போது நீங்கள் பார்க்காத படத்துக்கும் சேர்த்துத்தான் டேட்டா போகிறது.

நமக்குப் பிரச்சினை டேட்டா இல்லை, டவர். வத்தலகுண்டிலிருந்து மேலே ஏறும்போது வளைவுக்கு வளைவு சிக்னல் வந்து வந்து போகும், தெரிந்ததுதான். சீசன் சமயத்தில் இன்னொரு வேடிக்கை நடக்கும். ஏப்ரல், மே மாதங்களில் கொடைக்கானல் ஏரிப் பக்கமோ ஏழு ரோட்டிலோ நின்றால் டவர் முழுசாகக் காட்டும், பாட்டு மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். அத்தனை வெளியூர்க்காரர்களும் ஒரே டவரில் வீடியோ ஏற்றிக்கொண்டிருந்தால் வேறென்ன ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால், டவரில் இருக்கிற பேட்டரி தீர்ந்ததும் அதுவும் நின்றுவிடும்.

ஆகவே முதல் வேலை இது. உங்கள் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். வீட்டில் எங்கே டவர் கிடைக்கிறது, தோட்டத்தில் கிடைக்கிறதா, பஸ்ஸில் எவ்வளவு தூரத்துக்கு இல்லை, வைஃபை எங்கே இருக்கிறது. பாட்டு கேட்கிற நேரத்தில் பாதிக்கு மேல் டவர் இல்லாத இடத்தில்தான் கழிகிறது என்றால் இலவச ஆப்கள் உங்களுக்கு உதவாது, அதற்கு என்ன காரணம் என்று கீழே சொல்கிறேன். பெரும்பாலும் வைஃபை உள்ள வீட்டிலேயே கேட்கிறவர் என்றால் காசு கட்ட அவசரமே இல்லை.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. தினசரி டேட்டா தீர்ந்த பிறகும் இணைப்பு அறவே போவதில்லை, பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ்-ஆகக் குறையும். அந்த வேகத்தில் 96 தரப் பாட்டு ஓடாது. ஆனால் ஸ்பாட்டிஃபையில் தரத்தை ‘லோ’ என்று வைத்தால் 24 கேபிபிஎஸ் போதும், ஓடிவிடும். யூடியூப் மியூசிக்கில் ‘லோ’ 48 வரை போகும், அதுவும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும்தான். ராத்திரி ஒன்பது மணிக்கு டேட்டா தீர்ந்து உட்கார்ந்திருப்பவருக்கு அது பெரிய குறையாகத் தெரியாது.

உங்கள் இருபது பாட்டு

ஆப்பை இறக்குவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து இருபது பாட்டு எழுதுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தால் விளம்பரத்தையும் நண்பர்கள் சொல்வதையும் நம்பி ஏமாற வேண்டியதில்லை. எல்லா ஆப்பும் பத்துக் கோடிப் பாட்டு இருக்கிறது என்கிற மாதிரிதான் சொல்லும். அதில் உங்களுக்கு வேண்டிய இருபது இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பட்டியல் கலந்திருக்க வேண்டும். இந்த வருஷம் வந்த படப் பாட்டுகளை மட்டும் எழுதினால் எல்லா ஆப்பும் பாஸ் ஆகிவிடும், சோதனையே இல்லை. விஸ்வநாதன் ராமமூர்த்தி காலத்துக் கறுப்பு வெள்ளைப் பாட்டு நாலைந்து போடுங்கள். இளையராஜா எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் போட்டவற்றில் எல்லோருக்கும் தெரிந்தவை இரண்டு, யாரும் நினைவு வைக்காத சின்னப் படத்தில் வந்தவை மூன்று. (பண்ணைப்புரம் நம் மலைக்குக் கீழே தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது, இந்தப் பக்கத்தில் அவர் பாட்டு இல்லாத ஆப்பை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.) தேவா பாட்டு இரண்டு, ரகுமான் இரண்டு, புதுசு மூன்று. அப்புறம் படம் சாராதவை. டி.எம்.சௌந்தரராஜனும் சீர்காழி கோவிந்தராஜனும் பாடிய முருகன் பாட்டுகள், நாகூர் ஹனிபா, சர்ச்சில் பாடுகிற கீர்த்தனைகள், நாதஸ்வரம், நாட்டுப்புறப் பாட்டு, உங்கள் வீட்டில் எது ஓடுமோ அது.

சோதனையில் எந்த ஆப்பும் சறுக்குகிற இடம் இந்தக் கடைசி வகைதான். படப் பாட்டு உரிமை பெரிய கம்பெனிகளிடம் இருக்கிறது. பழைய எச்எம்வி தட்டுகள் எல்லாம் இன்று சரிகம என்ற பெயரில் இருக்கின்றன, பிற்காலத்துப் படங்கள் சோனி, திங்க் மியூசிக் என்று பிரிந்து கிடக்கின்றன. இந்தக் கம்பெனிகள் பெரும்பாலும் எல்லா ஆப்களுக்கும் பாட்டைக் கொடுத்துவிடும். ஒரு காலத்தில் கேசட்டாக வந்த பக்திப் பாட்டும் நாட்டுப்புறப் பாட்டும் அப்படியில்லை, யாரோ ஒரு சின்னக் கம்பெனி போட்டது, கம்பெனியே இல்லாமல் போயிருக்கும். அவை அகப்படும் இடம் பெரும்பாலும் யூடியூப், யாரோ ஒருவர் தன்னிடமிருந்த கேசட்டிலிருந்து ஏற்றி வைத்திருப்பார். யூடியூப் மியூசிக்கில் அந்த ஏற்றல்களில் பலவும் தேடலில் வரும். இந்த ஒரு காரணத்துக்காகவே வீட்டில் பெரியவர்கள் இருந்தால் நான் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

தேடும்போது கொஞ்சம் பொறுமை வேண்டும். தமிழ்ப் பாட்டின் பெயரை ஆங்கில எழுத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதி ஏற்றியிருப்பார்கள். ழகரம் வருகிற இடத்தில் ‘எல்’ போட்டவரும் உண்டு, ‘இசட் எச்’ போட்டவரும் உண்டு. இளையராஜா பெயரையே மூன்று நான்கு விதமாகப் பார்க்கலாம். முதல் வரி கிடைக்காவிட்டால் படப் பெயரைப் போட்டு ஆல்பத்தைத் திறந்து பாருங்கள், அதுவும் இல்லையென்றால் தமிழ் எழுத்திலேயே அடித்துப் பாருங்கள். பாட்டு வந்துவிட்டது என்று உடனே டிக் அடித்துவிடாதீர்கள், அரை நிமிஷம் கேளுங்கள். அதே பெயரில் வேறு யாரோ பாடியது, கரோக்கி, மெதுவாக்கி எதிரொலி சேர்த்தது என்று நிறைய குப்பை முன்னால் வந்து நிற்கும். பக்திப் பாட்டில் இன்னும் சிக்கல், அதே பாடகரே பிற்காலத்தில் மறுபடி பாடிப் பதிவு செய்திருப்பார், அம்மாவுக்கு அது பிடிக்காது, “இது அந்தப் பாட்டு இல்லப்பா” என்பார். எத்தனை நிமிஷப் பாட்டு, எந்தக் கம்பெனி போட்டது என்பதைப் பார்த்தால் பிரித்துவிடலாம். ஆப்பில் போட்டிருக்கும் வருஷத்தை நம்ப வேண்டாம், 1965-இல் வந்த படத்துக்குப் பக்கத்தில் டிஜிட்டலில் ஏற்றிய வருஷத்தைப் போட்டு வைத்திருப்பார்கள்.

இருபதுக்குப் பதினேழு பதினெட்டு கிடைத்தால் அந்த ஆப் உங்களுக்குச் சரி. இருபதும் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இலவசத்தில் என்ன கிடைக்கும்

இப்போது நம் ஊரில் கையில் கிடைப்பவை ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக், ஜியோசாவன், ஆப்பிள் மியூசிக், அமேசான் மியூசிக், கானா, ஹங்காமா. இவற்றில் ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக், ஜியோசாவன் மூன்றையும் காசு கட்டாமலே விளம்பரத்தோடு கேட்கலாம். ஆப்பிள் மியூசிக்கில் இலவசம் கிடையாது, சோதனைக் காலம் மட்டும்தான். ஐபோன் இல்லாவிட்டாலும் ஆண்ட்ராய்டில் அது ஓடும், பலருக்கு இது தெரிவதில்லை. அமேசான் பிரைம் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிற வீடு என்றால் அதோடு பாட்டும் சேர்ந்தே வருகிறது, புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்னால் அதைத் திறந்து பாருங்கள்.

இலவசத்தில் கேட்பதற்கு மலையில் என்ன தடை என்றால், டவுன்லோட் கிடையாது. டவர் போனால் பாட்டு போயிற்று. விளம்பரம்கூட எனக்குப் பெரிய தொந்தரவாகத் தெரியவில்லை, ரேடியோ கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது பழக்கம்தான். ஆனால் மூஞ்சிக்கல்லில் பஸ் ஏறி உட்கார்ந்து, பாட்டை ஆரம்பித்து, பெருமாள்மலை தாண்டியதும் நின்றுபோகிற ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

சாதாரண யூடியூப் ஆப்பில் காசு கட்டாவிட்டால் திரையை அணைத்ததும் பாட்டு நின்றுவிடும். குளிரில் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நடக்கிற ஊரில் போனை வெளியே பிடித்துக்கொண்டே பாட்டு கேட்பது நடக்கிற காரியமா.

எந்தப் பாட்டை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாமா, கலைத்துப் போட்டுத்தான் பாடுமா, எத்தனை தடவை தாண்டலாம் என்கிற இலவச விதிகளைக் கம்பெனிகள் அடிக்கடி மாற்றுகின்றன. யாரோ எப்போதோ சொன்னதை நம்பாமல் நீங்களே ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

டவுன்லோட்: இங்கேதான் தீர்மானம்

மலையில் காசு கட்டுவதற்கு ஒரே நல்ல காரணம் டவுன்லோட். அதனால் காசு கட்டும் முன் நீங்கள் எடுக்கிற திட்டத்தில் அது இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். இப்போது ஒரே ஆப்பிலேயே பல படிகள் வைத்திருக்கிறார்கள். ஸ்பாட்டிஃபை 2025 நவம்பரில் இந்தியாவில் தன் பிரீமியத்தை லைட், ஸ்டாண்டர்ட், பிளாட்டினம் என்று பிரித்தது. இப்படிப் பிரிக்கும்போது மலிவான படியில் விளம்பரம் மட்டும் போகும், டவுன்லோட் மேல்படியில் இருக்கும், கொஞ்சம் காசு மிச்சம் என்று கீழ்ப்படியை எடுத்தால் நமக்குப் பிரயோஜனமில்லை. யூடியூப் பிரீமியம் லைட்டும் அப்படித்தான். பெயரைப் பார்த்துப் பாட்டுக்கு என்று வாங்காதீர்கள், அதில் பாட்டு வீடியோக்களுக்கு விளம்பரம் வரத்தான் செய்யும். வாங்கினால் யூடியூப் மியூசிக் பிரீமியம், இல்லையென்றால் அதையும் உள்ளடக்கிய முழு யூடியூப் பிரீமியம்.

செய்முறை எளிது. வைஃபை இருக்கிற இடத்தில், அது உங்கள் வீடோ மச்சான் வீடோ, உட்கார்ந்து ஒரு பிளேலிஸ்ட் போடுங்கள். ஒவ்வொரு பாட்டாக இறக்குவதைவிட பிளேலிஸ்ட்டாகப் போட்டு அதன் மேலே இருக்கிற கீழ்நோக்கிய அம்புக்குறியை ஒரு தடவை அழுத்துவது நல்லது. அதன்பிறகு அந்தப் பட்டியலில் எதைச் சேர்த்தாலும், அடுத்த தடவை வைஃபை கிடைக்கும்போது தானாகவே இறங்கிக்கொள்ளும். செட்டிங்ஸில் டவுன்லோட் தரத்தை நடுத்தரத்தில் வையுங்கள். ஐந்து நிமிஷப் பாட்டு 160 தரத்தில் 6 எம்பி, 500 பாட்டு என்றால் 3 ஜிபி. 320-இல் அதே 500 பாட்டு 6 ஜிபி பிடிக்கும். போனில் இடம் குறைவாக இருந்தால் 96 போதும், 1.8 ஜிபியில் முடிந்துவிடும். ஆண்ட்ராய்டில் மெமரி கார்டு போடுகிற போன் வைத்திருந்தால் ஸ்பாட்டிஃபையில் டவுன்லோடைக் கார்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இறக்கி முடிந்துவிட்டதா என்று பார்க்க ஒரே வழி, போனை ஏரோபிளேன் மோடில் போட்டு ஓட்டிப் பார்ப்பதுதான். பச்சைக் குறி வந்துவிட்டது என்று நம்பிக் கிளம்பாதீர்கள். சில போன்கள் பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று திரை அணைந்ததும் டவுன்லோடைப் பாதியில் நிறுத்திவிடும். போன் செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் சரியாகும்.

மாதத்துக்கு ஒரு தடவையாவது இறக்கிய ஆப்பை இணையத்தோடு திறக்க வேண்டும். ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக் இரண்டிலும் 30 நாள் கணக்கு. நீங்கள் இன்னும் காசு கட்டுகிறீர்களா என்று அது சரிபார்த்துக்கொள்கிறது. விட்டுவிட்டால் இறக்கியது எல்லாம் போய்விடும், மறுபடி முதலிலிருந்து. வாரம் ஒரு முறை சந்தைக்கு இறங்குகிறவர்கள் அங்கே டவர் கிடைக்கும்போது ஒரு தடவை திறந்து மூடினால் போதும்.

இதில் புதியவர்கள் தப்பாகப் புரிந்துகொள்கிற விஷயம் ஒன்று இருக்கிறது, கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ஆப்பில் டவுன்லோட் செய்வது வேறு, செல்போன் கடையில் பாட்டு ஏற்றுவது வேறு. ஆப்பில் இறங்குகிற பாட்டு பூட்டப்பட்டிருக்கும், அந்த ஆப்புக்குள் மட்டும்தான் திறக்கும். அதை எடுத்துப் பட்டன் போனுக்கு அனுப்ப முடியாது, ஜீப்பில் சொருகுகிற பென் டிரைவில் போட முடியாது, மெமரி கார்டிலேயே இறங்கியிருந்தாலும் கார்டை வேறு போனில் போட்டால் ஒன்றும் வராது. காசு கட்டுவதை நிறுத்தினால் அதுவும் பாடாது. மாதச் சந்தா என்பது பாட்டை விலைக்கு வாங்குவது இல்லை, வாடகைக்கு எடுப்பதுதான். ஜீப்பில் கேட்க வேண்டும் என்றால் போனை புளூடூத்தில் இணையுங்கள், பழைய வண்டியாக இருந்தால் ஆக்ஸ் ஒயர்.

உங்களிடம் ஏற்கெனவே சொந்தமாகச் சேர்த்து வைத்த எம்பி3 பாட்டுகள் கம்ப்யூட்டரில் இருந்தால் அவற்றை அழித்துவிடாதீர்கள். யூடியூப் மியூசிக்கில் ஒரு கணக்கில் 1,00,000 பாட்டு வரை நம்முடையதை ஏற்றி வைத்துக்கொள்ளலாம், எந்த ஆப்பிலும் இல்லாத கேசட் பாட்டுக்கு இது நல்ல வழி.

டவுன்லோட் செய்தால் இன்னொரு லாபம் பேட்டரி. டவர் மங்கலாக இருக்கிற இடத்தில் போன் ஓயாமல் டவரைத் தேடிக்கொண்டே இருக்கும், பேட்டரி கரையும். மார்கழி, தைக் குளிரில் பேட்டரி எப்படியும் சீக்கிரம் இறங்கும். தோட்டத்தில் வேலை செய்யும்போது ஏரோபிளேன் மோடில் போட்டு, புளூடூத்தை மட்டும் திரும்ப ஆன் செய்து, இறக்கிய பாட்டைப் போட்டால் சாயங்காலம் வரை சார்ஜ் நிற்கும். போன் வராதே என்கிறீர்களா, டவரே இல்லாத இடத்தில் எப்படியும் வரப்போவதில்லை.

வீட்டில் எத்தனை பேர்

தனிநபர் திட்டங்கள் மாதம் 100 ரூபாயை ஒட்டி ஆரம்பித்து 200 வரை போகின்றன, சிலது அதற்கும் மேலே. விலை அடிக்கடி மாறும், ஆப்பில் அன்றைக்குக் காட்டுவதுதான் விலை. மூன்று பேருக்கு மேல் கேட்கிற வீடு என்றால் குடும்பத் திட்டம் கட்டுப்படியாகும். யூடியூப், ஆப்பிள் இரண்டிலும் ஆறு பேர் வரை சேரலாம். ஆனால் யூடியூப் எல்லோரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்கிறது. நம் மலையில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் திருப்பூரிலோ கோயம்புத்தூரிலோ வேலையில் இருப்பார்கள், அவர்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத் திட்டம் வாங்கினால் பின்னால் முகவரி சரிபார்க்கச் சொல்லும்போது சிக்கல். வீட்டில் இருக்கிற தலைகளை மட்டும் எண்ணுங்கள்.

ஒரே கணக்கை அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று எல்லோரும் வைத்துக்கொள்வது வேண்டாம். ஒருவர் பாட்டு போட்டால் இன்னொருவர் போனில் நின்றுவிடும் என்பது ஒருபக்கம். இன்னொருபக்கம் பரிந்துரை கலங்கிவிடும், சின்னப் பிள்ளைக்கு ஒரு வாரம் யானைப் பாட்டு போட்டால் அடுத்த ஒரு மாதத்துக்கு உங்களுக்கும் யானைப் பாட்டுதான்.

அட்டுவம்பட்டியில் மகளிர் பல்கலைக்கழக விடுதியில் இருப்பவர்களும் மற்றக் கல்லூரிப் பிள்ளைகளும் மாணவர் திட்டத்தைப் பாருங்கள். விலை நன்றாகக் குறையும், கல்லூரியில் படிப்பதற்கான ஆதாரம் காட்ட வேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி சரிபார்ப்பார்கள்.

காசு கட்டுவதும் நிறுத்துவதும்

முதல் மாதம் இலவசம் என்று சொன்னாலும் யுபிஐ ஆட்டோபே அல்லது கார்டு கேட்பார்கள். மாதம் முடிந்ததும் தானாகப் பிடிப்பதற்காகத்தான் அது. பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அந்த எஸ்எம்எஸ்ஸைக் கவனியுங்கள். டவர் இல்லாத ஊரில் அது இரண்டு நாள் கழித்து வந்து சேரும் என்பதால் சோதனை தொடங்கிய அன்றே, முடிகிற தேதிக்கு மூன்று நாள் முன்னால் போனில் ஒரு அலாரம் வைத்துவிடுவது பாதுகாப்பு.

ஆப்பை போனிலிருந்து தூக்கிவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று நினைக்கிறவர்கள் நிறைய பேர். நிற்காது. ஆப்புக்குள்ளோ, பிளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் அங்கே சந்தாக்கள் பகுதியிலோ ரத்து செய்ய வேண்டும். யுபிஐ ஆப்பிலும் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்து, அந்த அனுமதி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வருஷச் சந்தாவில் மாதக் கணக்குக்குக் கொஞ்சம் மிச்சமாகும்தான், ஆனால் முதல் வருஷமே எடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. பாட்டு ஆப்கள் நிலையாக இருப்பதில்லை. கூகுள் பிளே மியூசிக் 2020-இல் மூடப்பட்டது. ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு இந்தியாவில் முடிந்தது, அதே வருஷம் ஏர்டெல்லின் விங்க்கும் போயிற்று. கானா 2022-இல் இலவசத்தை நிறுத்திக் காசு கட்டினால்தான் என்று மாற்றியது. ஆப் இருந்தாலும் பாட்டு போகலாம். 2023 மார்ச்சில் பேச்சுவார்த்தை ஒத்துவராமல் ஜீ மியூசிக் பாட்டுகள் ஸ்பாட்டிஃபையிலிருந்து ஒட்டுமொத்தமாக எடுக்கப்பட்டன, கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு பிளேலிஸ்ட்டில் சாம்பல் நிறத்தில் பெயர்கள் மட்டும் மிஞ்சின. அதனால் பிளேலிஸ்ட் நீளமாகிவிட்டால் அதை வெளியே ஒரு இடத்தில் எழுதி வையுங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் சரி. ஒரு ஆப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பட்டியலை மாற்ற டியூன் மை மியூசிக், சவுண்டீஸ் என்று இணையதளங்கள் இருக்கின்றன. தமிழ்ப் பாட்டுகளில் எழுத்து வித்தியாசத்தால் சிலவற்றைத் தப்பாகப் பொருத்தும், மாற்றியபின் ஒரு முறை கண்ணை ஓட்டுங்கள்.

ரீசார்ஜோடு பாட்டு ஆப் இலவசம் என்று வருவதை வேண்டாம் என்று சொல்லவில்லை, கிடைக்கிறவரை கேட்போம். ஆனால் சிம் மாற்றினால் அதுவும் போகும். நம் ஊரில் டவருக்காக சிம் மாற்றுவது சகஜம் என்பதால் அதை நம்பி நூற்றுக்கணக்கில் பாட்டைச் சேர்த்து வைக்க வேண்டாம்.

ஒலித்தரம்

இதைப் பற்றித்தான் இணையத்தில் சண்டை அதிகம், நமக்கு வேலை குறைவு. ஆப்பிள் மியூசிக் 2021-இலிருந்து லாஸ்லெஸ் என்கிற முழுத்தரத்தைக் கூடுதல் காசு இல்லாமல் தருகிறது, ஸ்பாட்டிஃபையும் 2025-இல் கொண்டுவந்தது. அதற்கு மணிக்குச் சில நூறு எம்பி போகும், மலை டவரில் அது திக்கித் திணறும். அதோடு சாதாரண புளூடூத் ஹெட்போனில் அந்தத் தரம் முழுசாகக் காதுக்கு வந்து சேராது, ஒயர் ஹெட்போனும் நல்ல கருவியும் வேண்டும். 1960-களின் பதிவுகளுக்கு 160 தரமே தாராளம். நல்ல ஹெட்போனும் வீட்டில் ஃபைபரும் உள்ளவர் மட்டும் இதற்காக ஆப் தேர்ந்தெடுக்கட்டும்.

அதைவிட உபயோகமான ஒரு சின்ன செட்டிங், சத்தத்தைச் சமப்படுத்துவது. பழைய பாட்டு மெதுவாகவும் புதுப் பாட்டு காதைக் கிழிக்கிற மாதிரியும் மாறி மாறி வந்தால் செட்டிங்ஸில் ‘நார்மலைஸ்’ என்று தேடி ஆன் செய்யுங்கள். ‘ஆட்டோபிளே’யை அணைத்து வையுங்கள், உங்கள் பட்டியல் முடிந்ததும் அதுவாக எதையாவது போட்டு டேட்டாவைத் தின்னாமல் இருக்கும். யூடியூப் மியூசிக்கில் காசு கட்டியவர்கள் வீடியோ வேண்டாம், ஒலி மட்டும் போதும் என்கிற பொத்தானைத் தேடி அழுத்திவிடுங்கள்.

ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்களுக்கு

கொடைக்கானலில் இதைச் சொல்லாமல் விட முடியாது. உங்கள் தனிப்பட்ட சந்தா உங்கள் காதுக்கு மட்டும்தான். ஹோம்ஸ்டே வரவேற்பறையிலோ ஓட்டலிலோ கேம்ப் ஃபயரிலோ விருந்தினர்களுக்காகப் போட்டால் அது வியாபாரக் கணக்கு, எந்த ஆப்பின் விதியும் அதை அனுமதிப்பதில்லை. பொது இடத்தில் பாட்டு போடுவதற்கு பிபிஎல், ஐபிஆர்எஸ் என்று உரிமம் தருகிற அமைப்புகள் இருக்கின்றன, பாட்டு முக்கியமான இடம் என்றால் அவர்களிடம் விசாரித்துக்கொள்வது நல்லது. விருந்தினர் தன் அறையில் தன் போனில் கேட்பதற்கு இது பொருந்தாது.

ஆப்பே வேண்டாதவர்கள்

வீட்டுப் பெரியவர்களுக்குப் போனில் தேடுவது வராது, வரவும் வேண்டாம். அவர்களுக்குக் கோடை பண்பலை 100.5 இருக்கிறது. இந்த மலை உச்சியில் இருந்து ஒலிபரப்பாகி மதுரை, திண்டுக்கல், தேனி வரை கேட்கிற நிலையம், நம் ஊர்க்காரர்களுக்குச் சந்தா எதற்கு என்று கேட்கிற அளவுக்குப் பாட்டு போடுகிறார்கள். ஒரு சின்ன டிரான்சிஸ்டர் போதும். போனில் எஃப்எம் இருந்தால் ஒயர் ஹெட்போனைச் சொருகிக் கேளுங்கள், அந்த ஒயர்தான் அதற்கு ஏரியல். டேட்டா ஒரு எம்பி கூடப் போகாது. வெளியூரில் இருப்பவர்கள் பிரசார் பாரதியின் நியூஸ் ஆன் ஏர் ஆப்பில் ஆகாசவாணி நிலையங்களைக் கேட்கலாம், அதற்கு டேட்டா வேண்டும்.

தங்களுக்குப் பிடித்த பாட்டே வேண்டும் என்கிற தாத்தா பாட்டிகளுக்கு, சரிகம 2017-இல் கொண்டுவந்த கார்வான் பெட்டி இருக்கிறது. பழைய பாட்டுகளை உள்ளேயே ஏற்றித் தருகிறார்கள், டவரும் வேண்டாம் மாதச் சந்தாவும் வேண்டாம். விலை ஒரு வருஷச் சந்தாவைவிட அதிகம்தான், வாங்கும்போது தமிழ்ப் பெட்டிதானா என்று பார்த்து வாங்குங்கள், ஹிந்திப் பெட்டியும் அதே மாதிரிதான் இருக்கும்.

எதை எடுப்பது என்று இன்னும் குழம்பினால் இப்படிச் செய்யுங்கள். பக்திப் பாட்டும் கேசட் பாட்டும் அதிகம் கேட்கிற வீடு யூடியூப் மியூசிக்கில் ஆரம்பிக்கட்டும். புதுப் படப் பாட்டு, பிளேலிஸ்ட், நண்பர்களோடு பகிர்வது என்று இருப்பவர்கள் டவுன்லோட் உள்ள ஸ்பாட்டிஃபை திட்டத்தில் ஆரம்பிக்கலாம். ஐபோன்காரர்கள் ஆப்பிள். காசு கட்ட மனமில்லாதவர்கள் ஜியோசாவன் இலவசத்தில் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து, டவர் இல்லாத இடத்தில் எத்தனை தடவை கோபம் வருகிறது என்று பார்த்துக்கொண்டு, அப்புறம் அதிலேயே ‘புரோ’ எடுப்பதா வேறு ஆப்புக்குப் போவதா என்று முடிவு செய்யட்டும். சோதனை மாதத்தை மட்டும் சீசனில் தொடங்காதீர்கள். கூட்டம் இல்லாத ஜூலையிலோ, இன்னும் நல்லது மழை பிடித்த அக்டோபரிலோ தொடங்கினால் அந்த ஆப் உங்கள் ஊரில் எப்படி நடந்துகொள்ளும் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.